காரைக்குடியில் வீடு, கடலில் பாய்ப்படகு: தொண்டியா, கொச்சியா, லங்காவியா?

எங்கள் அண்ணன் மலேசியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று காரைக்குடிக்கு வந்துவிட்டார். அங்கே இருந்த காலத்தில் நண்பர்களின் படகில் பாய் விரித்து ஓட்டிப் பழகியவர். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சுதான். இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறு அடிக்குள் பழைய பாய்ப்படகு ஒன்று வாங்க வேண்டும். உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஒரு அடுப்பு, ஒரு சின்ன மேசை. பகலில் ஓட்டி, இரவில் நங்கூரம் போட்டுக் கடலிலேயே தூங்க வேண்டும். பாதிப் பணம் நான் போடுகிறேன். வாங்குவதில் எங்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை. எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம். அவருக்கு மலேசியாவின் லங்காவித் தீவு, எனக்குப் பாக் விரிகுடாக் கரையில் இருக்கும் தொண்டி, அண்ணன் மகனுக்குக் கொச்சி. மாதக்கணக்கில் பேசியதில் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பாய்ப்படகு பழகிவிட்டு நம் பக்கம் திரும்பியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

முதலில், ஏன் சின்னது, ஏன் பழையது என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இடத்தை எடை போட முடியாது.

இருபத்தைந்து அடிப் படகில் எல்லா வேலையும் ஒரு ஆள் கைக்கு அடங்கும். பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை வெறுங்கையால் இழுத்துக் கட்டலாம். காற்று ஏறும்போது பெரிய பாயின் அடிப்பகுதியைச் சுருக்கிக் கட்ட வேண்டும். சுக்கானைத் தொடையால் அணைத்துக்கொண்டு, ஒரு கையில் ஏற்றுகயிறு, மறு கையில் பாயின் ஓரத்து வளையம் என்று கொஞ்ச நேரத்தில் முடித்துவிடலாம். சுருக்கியதும் படகு நிமிரும். சுக்கானில் இருந்த முறுக்கம் விட்டுப்போகும். வேகம் அநேகமாகக் குறையாது, சில சமயம் கூடும். உடம்பால் உணரும் அந்த மாற்றம் நாற்பது அடிப் படகில் கிடைப்பதில்லை. அங்கே பொத்தானும் இயந்திர ராட்டும் நடுவில் வந்துவிடும்.

வேகத்துக்கு ஆசைப்படுகிறவருக்கு இது ஆகாது. இப்படிப்பட்ட படகின் உச்ச வேகத்தை அதன் நீர்மட்ட நீளமே முடிவு செய்துவிடுகிறது. அடியில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வரும். நீர்மட்டத்தில் 21 அடி என்றால் ஆறு நாட் சொச்சம், அதாவது மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். சைக்கிளில் போகிற வேகம். அந்த வேகத்தில் கரை மெல்ல நகரும். எந்தக் கோபுரம் எதன் பின்னால் மறைகிறது, எந்த இடத்தில் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று எல்லாம் கண்ணில் தங்கும்.

பழையது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1960களில் ஃபைபரில் பரவலாகப் படகு வார்க்கத் தொடங்கியபோது அந்தப் பொருளின் பலம் எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் கனமாகவே வார்த்தார்கள். சுவீடனின் ஆல்பின் வேகா, இங்கிலாந்தின் வெஸ்டர்லி சென்டார், கான்டெஸ்ஸா 26, அமெரிக்காவின் கேட்டலினா 22 எல்லாம் அந்தக் காலத்துப் பிறவிகள். வேகா மூவாயிரத்துக்கு மேல், சென்டார் இரண்டாயிரத்துக்கு மேல், கேட்டலினா பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. இத்தனை பேர் வைத்து ஓட்டியதால் எந்தப் படகில் எது முதலில் கெடும் என்பது ஊரறிந்த சங்கதி ஆகிவிட்டது. பழைய வடிவம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்ப்படகுப் பந்தயத்தில் 1988க்கு முன் வடிவமைத்த, 32 முதல் 36 அடிக்குள் இருக்கும் படகுகளைத்தான் அனுமதிக்கிறார்கள். நம் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் தனியாக உலகைச் சுற்றி முடித்து இரண்டாம் இடம் பிடித்தது அப்படி ஒரு படகில்தான்.

சரி, இடத்துக்கு வருவோம்.

லங்காவிக்கு அண்ணன் சொல்லும் நியாயம் பலமானது. தொண்ணூற்றொன்பது தீவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று சீராக வீசும். தீவுகளின் மறைவில் தண்ணீர் அமைதியாக இருக்கும். படகுகளைக் கட்டி நிறுத்தும் மரீனா உண்டு, படகைத் தூக்கி வைக்க வசதி உண்டு, வேலைக்கு ஆள் உண்டு. உலகம் சுற்றப் புறப்பட்டவர்கள் பாதியில் மனம் மாறி விட்டுப்போகும் பழைய படகுகள் அங்கே விலைக்கு வந்துகொண்டே இருக்கும். வாங்க மனமில்லை என்றால் வாரக் கணக்கில் வாடகைக்கும் எடுக்கலாம். ஓட்டுவதற்கான சான்றிதழோ, முன்பு ஓட்டிய அனுபவக் குறிப்போ கேட்பார்கள், அவ்வளவுதான். திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர், அங்கிருந்து லங்காவி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள், அந்தக் கடல் எங்களுக்கு அந்நியம் இல்லை. போகும் வழியில் பினாங்கில் இறங்கித் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டும் போகலாம்.

ஆனால் நாங்கள் அங்கே போகக்கூடியது வருடத்தில் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று வாரம். மீதி மாதங்களுக்கு அந்தப் படகு வாடகை வாங்கும் ஒரு முகவரி, அவ்வளவுதான். வெயிலில் பாயின் தையல் நூல் மக்கும், கேபினுக்குள் பூஞ்சை படரும், எஞ்சினில் பம்பு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். போய் இறங்கியதும் முதல் நான்கு நாள் பழுது பார்ப்பதில் போய்விடும் என்று அண்ணனே சொல்கிறார். வாடகைப் படகில் அந்தத் தொல்லை இல்லை. அதேபோல, பழைய படகை வைத்திருப்பதில் பாதிச் சந்தோஷமும் அதில் இல்லை. நம் கையால் மாற்றிய வால்வு, நாம் பின்னிய கயிறு, நாம் தட்டிப் பார்த்த டெக் (மேல்தளம்) என்று ஒன்றும் கிடையாது.

கொச்சிக்கு அண்ணன் மகன் சொல்வதும் சரிதான். போல்கட்டியில் மரீனா இருக்கிறது. காயலுக்குள் படகு பத்திரமாக நிற்கும். அக்டோபர் கடைசியிலிருந்து மே வரை காலையில் கரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று என்று மணி அடித்தாற்போல் மாறும். காலையில் வெளியே போய் மாலையில் உள்ளே வர அதைவிட வசதியான காற்று வேறில்லை. இந்தியாவில் பாய்ப்படகுக்கு வேண்டிய சாமானும் கைப்பழக்கமும் இருக்கும் சில இடங்களில் கொச்சி ஒன்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கடல் அடைத்துக்கொள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தூரம்தான் இடிக்கிறது. காரைக்குடியிலிருந்து மலை ஏறி இறங்கிப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு பகல் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை ஆசை வந்தால் போக முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, மாதம் ஒருமுறை ஆகி, அப்புறம் கல்யாணம், காதுகுத்து, முன்னோர் படைப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து தள்ளிப்போகும். நம் வீட்டுக் காரியங்கள் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா?

இனி தொண்டி. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாக ஒரு மணி நேரம். காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் படகில் இருக்கலாம்.

தொண்டியைப் பற்றி இருக்கும் பயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதல் பயம் ஆழம். பாக் விரிகுடா முழுவதுமே ஆழம் குறைந்த கடல், சராசரி பத்து மீட்டர்கூட இல்லை. தொண்டிக் கரையில் தண்ணீருக்குள் வெகுதூரம் நடந்து போகலாம். ஐந்தடி ஆழம் கேட்கும் கீல் (படகு கவிழாமல் அடியில் நீட்டி நிற்கும் கனமான தகடு) உள்ள படகு இங்கே கரை பக்கமே வர முடியாது. இரட்டைக் கீல் உள்ள சென்டார் மூன்றடியில் மிதக்கும் என்று அண்ணன் சொன்னார். இங்கிலாந்தில் அந்த இரட்டைக் கீலின் பெருமையே வேறு. கடல் வற்றும்போது படகு சேற்றில் நிமிர்ந்து உட்காரும், அடிப்பக்கத்தைச் சுரண்டி வண்ணம் அடிக்கலாம். பாக் விரிகுடாவில் ஓதம் இரண்டடி ஏறி இறங்கினால் பெரிது, அந்த வித்தை இங்கே பலிக்காது. அப்படியானால் கீலை உள்ளே இழுத்துக்கொள்ளும் படகுதான் பொருத்தம். கேட்டலினா 22 வகையில் கீலை மேலே தூக்கினால் இரண்டடித் தண்ணீர் போதும், இறக்கினால் ஐந்தடி. எடை ஒரு டன் சொச்சம். சென்டார் மூன்று டன். இந்த எடை வித்தியாசத்தில்தான் எங்கள் வழக்கின் முடிச்சு இருந்தது, கீழே சொல்கிறேன்.

அதே ஆழமின்மை ஒரு வரமும்கூட. பாக் விரிகுடாவில் எங்கே காற்று நின்றாலும், எஞ்சின் மக்கர் செய்தாலும், நங்கூரம் தரை தொடும். எட்டு மீட்டர்த் தண்ணீரில் ஐம்பது மீட்டர்க் கயிறும் கொஞ்சம் சங்கிலியும் விட்டால் படகு பிடித்து நிற்கும். மற்றக் கடல்களில் கரையோரம் மட்டும் கிடைக்கும் இந்த நிம்மதி இங்கே நடுக்கடலிலும் கிடைக்கும். கடற்புல் மண்டிய இடத்தில் மட்டும் போடக்கூடாது. அந்தப் புல்லைத் தின்று வாழும் கடற்பசுவுக்காகவே தமிழ்நாடு அரசு 2022இல் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம், 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. மணல் திட்டாகப் பார்த்து நங்கூரம் போட வேண்டும். தெளிந்த நாளில் தண்ணீரின் நிறமே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, காற்று. தொண்டிக் கரை கிழக்கைப் பார்த்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை நேராகக் கரைமேல் அடிக்கும், புயலும் அந்த மாதங்களில்தான் வரும். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா இந்தக் கரையில் எத்தனை படகுகளை உடைத்துப் போட்டது என்று மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே அந்த மாதங்களில் படகு கடலில் இருக்கவே கூடாது. தையிலிருந்து ஆவணி வரை கதை மாறுகிறது. மாசி, பங்குனியில் இதமான காற்று. அப்புறம் தென்மேற்கு, மேற்குப் பக்கமிருந்து வரும் சோழகமும் கச்சானும். இவை நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்பாது. காற்று நிறைய, தண்ணீர் மட்டம். பாய்ப்படகுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! ஒரு எச்சரிக்கை உண்டு. நிலக்காற்று நம்மைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போகும். தொண்டிக்கு நேர் கிழக்கே இருபது கடல் மைல் சொச்சத்தில் இலங்கையுடனான எல்லைக்கோடு, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரைந்தது. அதைத் தாண்டியதாக நம் மீனவர்கள் கைதாகும் செய்தி வராத மாதம் குறைவு. ஆகவே ஜிபிஎஸ், நல்ல எஞ்சின், போதுமான நங்கூரக் கயிறு மூன்றும் இல்லாமல் கச்சானில் இறங்கக்கூடாது. கிழக்கே பத்து மைலுக்கு மேல் போவதில்லை என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

போவதற்கு இடம் உண்டா என்று கேட்கலாம். வடக்கே கோட்டைப்பட்டினமும் தெற்கே தேவிபட்டினமும் தொண்டியிலிருந்து ஏறத்தாழ பதினேழு, பதினெட்டு கடல் மைல். நான்கு நாட் வேகத்தில் நாலரை மணி நேரம், ஒரு பகல் ஓட்டத்துக்கு அளவெடுத்தாற்போல. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை இத்தனை காலம் கரையிலிருந்துதான் கும்பிட்டிருக்கிறோம். வடக்கே இன்னும் ஒரு நாள் போனால் மல்லிப்பட்டினம், அங்கே சரபோஜி மன்னர் 1814இல் எழுப்பத் தொடங்கிய மனோரா கடலிலிருந்து நல்ல அடையாளம். ராமேசுவரம் முப்பது மைலுக்குச் சற்று மேல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். அனுமதி வாங்கி அதன் அடியில் பாய்மரத்தோடு மன்னார் வளைகுடாவுக்குப் போவது அண்ணனின் கனவு. அதற்கு அவசரமில்லை.

மூன்றாவது, கடலில் நாம் மட்டும் இல்லை. இந்தக் கடல் மீன் பிடிப்பவர்களுடையது. விசைப்படகுகள் குறிப்பிட்ட நாட்களிலும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களிலும் தொழிலுக்குப் போகும் வழக்கம் இங்கே உண்டு. எந்த நாளில் எங்கே வலை கிடக்கும் என்று கரையில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த இரண்டு மாதம் கடலில் நாட்டுப்படகுகள் மட்டும் இருக்கும். படகைப் பதிவது, தங்கும் இடத்தைச் சொல்வது, கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிட்டுப் போவது எல்லாம் படகு வாங்குவதற்கு முன்பே கேட்டு முடிக்க வேண்டிய வேலைகள்.

இந்தக் கரையில் ஏற்கெனவே பாய்ப்படகு உண்டே, அதையே வாங்கினால் என்ன என்று எனக்கே தோன்றியது. பாக் விரிகுடாவின் வத்தை தட்டையான அடி, சில வத்தைகளுக்கு மூன்று பாய்மரம்கூட உண்டு. முதலில் விலா எலும்புபோல் வங்குகளை நிறுத்தி அப்புறம் பலகை அடிக்கும் முறையில், ஓடாவிகள் என்னும் படகுத் தச்சர்கள் கட்டியது. பாயில் காற்று ஏறிப் படகு சாயும்போது, குறுக்கே நீட்டிய பலகையில் காற்றுப் பக்கமாக ஆட்கள் நகர்ந்து போய் உட்காருவார்கள். காற்று தணிந்தால் உள்ளே வருவார்கள். கீல் செய்யும் வேலையை மனித உடம்பு செய்கிறது. இந்தக் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான படகை எந்த நாட்டிலிருந்தும் கொண்டு வர முடியாது. ஆனால் அதற்கு நான்கைந்து பேர் வேண்டும், படுக்க இடமில்லை, மேலே கூரை இல்லை. பயணப் படகு அல்ல அது, தொழில் படகு. பாய் வத்தை ஓட்டிய பெரியவர்களிடம் காற்றைப் பற்றிக் கற்றுக்கொள்வதுதான் அதனிடமிருந்து நாம் பெற வேண்டியது.

இப்போது அந்த எடை விஷயம். மழைக்காலத்தில் படகை எங்கே வைப்பது என்பதுதான் தொண்டிக்கு எதிரான கடைசிக் கேள்வி. அங்கே மரீனா கிடையாது. மூன்று டன் என்றால் கிரேன், தாங்குசட்டம், காவல் என்று செலவு நீளும். ஒரு டன் படகென்றால் பாய்மரத்தை மடக்கிக் கட்டி, லாரியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டு வந்துவிடலாம். செட்டிநாட்டு வீடு இந்தத் தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் முடிகிறது. பின்கட்டுக்குப் பின்னால் வண்டி நுழையும் வாசலும், கூரை போட்ட வண்டிக் கொட்டகையும் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. இருபத்திரண்டு அடிப் படகு அதில் தாராளமாக நிற்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை படகு வீட்டிலேயே இருக்கும். மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து டெக்கைத் தட்டிப் பார்க்கலாம். சுத்தியலின் மரப்பிடியால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் ‘டக்’கென்று கூர்மையாகக் கேட்கும். உள்ளிருக்கும் மரம் நீர் கோத்திருந்தால் சத்தம் அமுங்கிவிடும். அங்கே பென்சிலால் வட்டம் போட்டுத் திறந்து உலரவிட்டு ஒட்டலாம். கொச்சியில் இருந்தாலோ லங்காவியில் இருந்தாலோ இதையெல்லாம் கூலி ஆள்தான் செய்வார்.

இந்த வேலைக்குக் காரைக்குடியைப் போல் ஊர் கிடைக்காது. பழைய பயணப் படகுகளின் கைப்பிடி, கதவுப் பலகை, விளிம்புச் சட்டம் எல்லாம் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. நம் வீட்டுத் தூண்களும் அதே தேக்குதான். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் உத்தரமும் சட்டமும் நூறு வருடம் உலர்ந்து கிடக்கின்றன. ஒரு நிலைச்சட்டம் வாங்கினால் படகு முழுவதற்கும் போதும். உப்புநீரில் உலோகம் அரிப்பதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். படகின் வெண்கலத்துக்கும் இரும்புக்கும் பதில் அது கரையும். அந்த அரிமான அறிவியலுக்கே பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும் கொடுத்து வந்தது, நம் ஊரில்தான் இருக்கிறது. கடல்நீர் அரிமானத்துக்கு மண்டபத்தில் சோதனை நிலையமே வைத்து ஆராய்ந்தவர்கள்.

படகு கிடைப்பதுதான் இந்த வழியில் கடினம். இந்தியாவில் பழைய சிறு பாய்ப்படகுச் சந்தை மிகச் சிறியது. மேல்நாட்டில் பழைய கார் விலைக்குக் கிடைப்பது, கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து இங்கே வரும்போது வேறு தொகை ஆகிவிடும். கொச்சி, கோவா, மும்பை, புதுச்சேரி என்று விசாரித்துக்கொண்டே இருந்து, கீல் தூக்கும் படகு வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் வருடத்தில் லங்காவியில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு வரலாம் என்று அண்ணனுக்கு நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். வண்டிக் கொட்டகையைக் காலி செய்ய அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகள் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கு விசேஷத்துக்கு மட்டும் வருகிற வீடாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பக்கம் போவதுதான் சரி. 1911இல் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது, கணித மேதை ராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்தபோது அவருக்குத் துணை நின்ற அதே ஸ்பிரிங். துறைமுகத்துக்குள் படகுகள், கற்றுக்கொடுக்க ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எல்லாம் அங்கே உண்டு. சொந்தப் படகை அப்புறம் யோசிக்கலாம்.